ஜிகாபிட் போர்ட் அடிக்கடி 100-க்கு இறங்குகிறதா? எங்கே தேடுவது, எப்படித் தேடுவது

கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினால் 93, 94 என்று வந்து அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, எடுத்திருப்பதோ 300 எம்பிபிஎஸ் பிளான் என்றால், இன்டர்நெட் கொடுக்கிறவரிடம் சண்டைக்குப் போகும் முன் நெட்வொர்க் சுவிட்சில், அதாவது லேன் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியில், அந்த போர்ட்டைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் லிங்க்கில் ஹெடர்களுக்கும் பாக்கெட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் போனது போக கையில் மிஞ்சுவது சுமார் 94தான். ஜிகாபிட் லிங்க்கில் அதே கணக்கு 940 பக்கம் வரும். அதனால் 94 என்ற எண்ணைப் பார்த்ததுமே வழியில் எங்கோ ஒரு லிங்க் 100-இல் உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

எப்போதும் 100-லேயே நிற்கிற லிங்க் சுலபமான கேஸ். தலைவலி எதுவென்றால் காலையில் 1000 (அதுதான் ஜிகாபிட்), மதியம் 100, நடுவில் இரண்டு முறை லிங்க் விழுந்து எழுந்தது, கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி 1000 என்று ஆடிக்கொண்டே இருப்பது. இதற்குப் பலர் செய்கிற முதல் வைத்தியம், சுவிட்ச் செட்டிங்கில் போய் அந்த போர்ட்டை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பூட்டிவிடுவது (ஃபுல் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும், ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான்). ஆட்டம் நின்றுவிடும், வேலை முடிந்த மாதிரியும் தெரியும். அதைச் செய்யாதீர்கள் என்பதுதான் இங்கே நான் சொல்ல வந்தது. போர்ட் 100-க்கு இறங்குவதே கேபிளிலோ கனெக்டரிலோ என்ன கெட்டிருக்கிறது என்று அது நமக்குக் கொடுக்கும் தகவல். பூட்டிவிட்டால் தகவல் போய்விடும், கோளாறு அங்கேயே இருக்கும், போதாததற்கு புதிதாக இன்னொரு கோளாறும் வந்து சேரும். அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில், அது கோளாறுதானா?

ஐபி கேமரா, பிரிண்டர், பெரும்பாலான ஸ்மார்ட் டிவி, இவற்றில் இருப்பதே 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். சுவிட்சில் அவை 100 என்று காட்டினால் கவலை வேண்டாம். ஃபைபர் கனெக்‌ஷனோடு வரும் ஓஎன்டி பெட்டிகளில் சில மாடல்களில் நாலு போர்ட்டில் ஒன்று மட்டும் ஜிகாபிட், மற்ற மூன்றும் 100. கேபிள் எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். ஆபீஸ் மேஜையில் ஐபி போன் வழியாகக் கம்ப்யூட்டருக்கு லைன் போயிருந்தால் போனையும் கவனியுங்கள். பழைய போன்களில் கம்ப்யூட்டருக்கான போர்ட் 100தான் தாங்கும்.

இன்னொன்று, சுவிட்ச் லாக்கில் ராத்திரி நேரத்தில் 1000 போய் 10 அல்லது 100 வந்தது என்று வரிசையாக இருக்கும். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலோ தூங்க விட்டாலோ, வேக்-ஆன்-லேனுக்காக, அதாவது நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்பும் வசதிக்காக, நெட்வொர்க் கார்டு மட்டும் விழித்திருக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆபீஸ் முடிகிற நேரத்தில் இறங்கி மறுநாள் காலையில் ஏறுகிறது என்றால் அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

எட்டு கம்பியும் வேண்டும், ஆனால் பேச்சுவார்த்தைக்கு நாலு போதும்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. 10, 100 வேகங்களுக்கு ஆர்ஜே45 கனெக்டரில் 1, 2, 3, 6 என்ற நாலு பின்கள் போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1999-இல் வந்த 802.3ஏபி தரத்துக்கு, 4, 5, 7, 8-ம் சேர்த்து நாலு ஜோடியும் வேண்டும் (கேபிளுக்குள் எட்டு கம்பியும் இரண்டு இரண்டாக முறுக்கி நாலு ஜோடியாக வரும்). ஆனால் இரண்டு பக்கமும் "உனக்கு எவ்வளவு வரும், எனக்கு எவ்வளவு வரும்" என்று பேசி முடிவெடுக்கிற ஆட்டோ நெகோஷியேஷன் நடப்பது அந்த 1, 2, 3, 6-இல் மட்டும்தான்.

இப்போது பிரவுன் ஜோடியில், அதாவது 7, 8-இல், ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை சுமுகமாக நடக்கும், இரண்டு பக்கமும் ஜிகாபிட் என்று ஒத்துக்கொள்ளும், அப்புறம் நாலு ஜோடியிலும் சிக்னல் அனுப்பிப் பழகிப் பார்க்கும்போது ஒரு ஜோடியில் பதில் வராது. லிங்க் ஏறாது. திரும்பவும் முதலில் இருந்து பேச்சு, திரும்பவும் தோல்வி. போர்ட்டில் இருக்கும் சிப் கொஞ்சம் புத்திசாலியாக இருந்தால் சில தடவை தோற்றதும் "சரி, 100 போதும்" என்று தானே இறங்கிவிடும். டவுன்ஷிஃப்ட் என்பது இதுதான். அந்த வசதி இல்லாத சிப்பாக இருந்தால் லிங்க்கே வராது, அல்லது விளக்கு எரிந்து எரிந்து அணையும்.

ஒரே கேபிள், ஒரே கோளாறு, ஆனால் ஒரு சுவிட்சில் 100 என்று ஓடுகிறது, இன்னொன்றில் லிங்க்கே வரவில்லை. "பழைய சுவிட்சில் நன்றாகத்தானே இருந்தது, புது சுவிட்ச் சரியில்லை" என்று சொல்லி நல்ல சுவிட்சைக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. பழையது குறையை மூடி மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கையைக் கேபிளில் வைக்கும் முன் திரையைப் பாருங்கள்

இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும், ஒரு முனை போதாது. விண்டோஸில் அடாப்டர் ஸ்டேட்டஸில் வேகம் தெரியும். லினக்ஸில் ஈத்டூல் கட்டளைக்கு இன்டர்ஃபேஸ் பெயரைக் கொடுத்தால் இப்போதைய வேகத்தோடு, நாம் எந்தெந்த வேகங்களை முன்வைத்தோம், எதிர்முனை எவற்றை முன்வைத்தது என்பதும் வரும். எதிர்முனையின் பட்டியலில் 1000 இருக்கிறது, நம் பட்டியலிலும் இருக்கிறது, ஆனால் ஓடுவது 100 என்றால் கேபிள் பக்கம்தான் போக வேண்டும். எதிர்முனை 1000-ஐச் சொல்லவே இல்லை என்றால் அங்கே யாராவது வேகத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்களா, பவர் சேவிங் செட்டிங் ஏதாவது ஓடுகிறதா, அந்தக் கருவிக்கே 100தானா என்று பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: டவுன்ஷிஃப்ட் ஆன சில சிப்கள் 1000-ஐப் பட்டியலில் இருந்து தாங்களே எடுத்துவிடும். அதனால் கேபிளை ஒரு தடவை கழற்றி மாட்டி, உடனே ஒரு முறை, கொஞ்சம் பொறுத்து ஒரு முறை பாருங்கள். புதிய லினக்ஸ் கர்னல்கள் சில சிப்களுக்கு, டவுன்ஷிஃப்ட் நடந்தது, கேபிளைச் சரிபார் என்று லாக்கிலேயே எழுதி வைத்துவிடும்.

சிஸ்கோ சுவிட்சாக இருந்தால் இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ் பட்டியலில் வேகத்துக்கு முன்னால் "ஏ-" என்று இருக்கிறதா பாருங்கள். ஏ-100 என்றால் பேசி வந்த 100. வெறும் 100 என்றால் யாரோ பூட்டி வைத்த 100. இந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

அடுத்தது எரர் கவுன்ட்டர். சிஆர்சி அல்லது எஃப்சிஎஸ் எரர் (வழியில் கெட்டுப்போய் வந்து சேர்ந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) 48,000 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது போன வருஷம் விழுந்ததாக இருக்கலாம். கவுன்ட்டரை அழித்துவிட்டு, இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் புரோகிராமை ஓட்டி லிங்க்கை நிரப்புங்கள், அது ஓடும்போது எண் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறினால் கேபிள், கனெக்டர், போர்ட் இந்த மூன்றில் ஒன்று. லிங்க் 1000-இல் இருக்கும்போதே சிஆர்சி ஏறுகிறது என்றால், அது இன்னும் விழாத லிங்க், விழப்போகிற லிங்க்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்

அவசரத்தில் பேட்ச் கார்டையும் (இரண்டு முனையிலும் கனெக்டர் போட்ட குட்டைக் கேபிள்) மாற்றி, போர்ட்டையும் மாற்றி, கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்து "சரியாகிவிட்டது" என்று வந்தால், எது சரியானது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த வாரம் திரும்ப வரும். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கோளாறு கேபிளோடு நகர்கிறதா, போர்ட்டிலேயே தங்குகிறதா?

முதலில் சுவிட்ச் பக்கத்தில், ஆடிக்கொண்டிருக்கும் கேபிளை, நன்றாக ஓடும் வேறு போர்ட்டின் கேபிளோடு இடம் மாற்றுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம். கோளாறு பழைய போர்ட்டிலேயே இருந்தால் போர்ட்தான். இடி மின்னலுக்குப் பிறகு இப்படி ஒரு போர்ட்டின் ஒரு ஜோடி மட்டும் செத்து, மற்ற போர்ட் எல்லாம் நன்றாக இருப்பது நடக்கக்கூடியது. வெளியே மொட்டை மாடி வழியாகக் கேபிள் போகும் கேமரா போர்ட்டுகளில் இன்னும் அதிகம். கோளாறு கேபிளோடு நகர்ந்தால், சுவரில் லேன் சாக்கெட் இருக்கும் ஐஓ பாக்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் பேட்ச் கார்டை மாற்றுங்கள், அப்புறம் ரேக்கில் பேட்ச் பேனலுக்கும் (சுவர் கேபிள்கள் வந்து முடியும் பலகை) சுவிட்சுக்கும் நடுவில் உள்ளதை. சுவருக்குள் போகும் கேபிளைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். அது யாரும் தொடாத கேபிள், பேட்ச் கார்டோ தினமும் நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்குகிற கேபிள்.

மாற்றியும் புரியவில்லை என்றால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் சுவிட்சிலேயே ஒரு மீட்டர் நல்ல பேட்ச் கார்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே 1000 வந்து அசையாமல் நின்றால் சுவிட்சும் லேப்டாப்பும் சுத்தம்.

சுவிட்சில் கேபிள் டெஸ்ட் வசதி இருந்தால் இந்தக் கட்டத்தில் கை கொடுக்கும். சிஸ்கோவில் டிடிஆர் என்று பெயர், மைக்ரோடிக்கில் கேபிள் டெஸ்ட், விலை குறைந்த ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றிலும் இதற்கு ஒரு பக்கம் இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் எத்தனை மீட்டரில் ஓப்பன் (அறுந்திருக்கிறது), எத்தனை மீட்டரில் ஷார்ட் (ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது) என்று சொல்லும். சில மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் உடைந்தது இந்த முனையிலா அந்த முனையிலா என்று தெரிய அதுவே போதும். டெஸ்ட் ஓடும்போது லிங்க் விழலாம் என்பதால் ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஓட்டாதீர்கள்.

கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

செல்போன் டார்ச்சைப் போட்டுக் கனெக்டரை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். தங்க நிறப் பின்கள் எட்டும் ஒரே மட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றை விட மேலே நின்றால் கிரிம்பிங் டூல் அதைச் சரியாக அழுத்தவில்லை, கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்; ஏசி ஓடினால் தொடும், அறை சூடானால் விலகும். கனெக்டரின் முன் விளிம்பில் எட்டு கம்பியின் நுனியும் வந்து முட்டியிருக்கிறதா பாருங்கள். ஓரத்தில் இருக்கும் பிரவுன் கம்பி கொஞ்சம் குட்டையாக நின்றுவிடுவது அடிக்கடி நடப்பது. பின்பக்கம் கேபிளின் வெளி உறை கனெக்டருக்குள் நுழைந்து, அந்தப் பிளாஸ்டிக் நாக்கு உறையின் மேலேயே கடித்திருக்க வேண்டும். வெறும் கலர் கம்பிகள் வெளியே தெரிந்தால் அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், பேச்சே இல்லை.

முறுக்கைப் பிரிப்பதும் அளவோடு இருக்க வேண்டும். கேட் 5இ கேபிளுக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது விதி. ஐஓ பாக்ஸுக்குள் திறந்து பார்த்தால் வசதிக்காக ஐந்து சென்டிமீட்டர் பிரித்து விரித்து வைத்திருப்பார்கள், 100-இல் ஓடும், 1000-இல் சிஆர்சி விழும்.

கலர் வரிசை 568பி என்றால்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீலம் வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடியின் நடுவில் நீலம் வருகிறதே என்று சிலர் "ஒழுங்காக" ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்கள். இரண்டு முனையிலும் அதே மாதிரி அடுக்கினால் விளக்கு எரியும் சாதா லேன் டெஸ்டரில் 1 முதல் 8 வரை வரிசையாக எரிந்து பாஸ் ஆகும், ஏனென்றால் அந்த டெஸ்டர் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். 3-ம் 6-ம் ஒரே ஜோடியில் முறுக்கி வர வேண்டியவை வேறு வேறு ஜோடியில் போய்விடுவதால் ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கலக்கும். ஒரு மீட்டர் பேட்ச் கார்டில் எதுவும் தெரியாது, நீளக் கேபிளில் மானம் போகும். "டெஸ்டரில் எல்லாம் எரிகிறதே" என்று யாராவது சொன்னால் கலர் வரிசையைக் கண்ணால் பாருங்கள்.

பழைய கட்டடங்களில் இன்னொரு கூத்து: லேன் கேபிளின் நீல ஜோடியை உருவி லேண்ட்லைன் போனுக்குக் கொடுத்திருப்பார்கள், அல்லது ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு கம்ப்யூட்டருக்கு ஓட்டியிருப்பார்கள். 100 காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். ஜிகாபிட் சுவிட்ச் வந்த அன்று இரண்டும் 100-இல் நிற்கும், இறங்கி ஏறிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. லேன் கேபிள் வழியாகவே கருவிக்குக் கரண்ட் கொடுப்பதுதான் பிஓஇ; 24 வோல்ட் பாஸிவ் பிஓஇ இன்ஜெக்டர்களில் பலவும் 4, 5, 7, 8-இல் கரண்டை அனுப்புகிறவை. 100-க்கு என்று செய்த இன்ஜெக்டர் நடுவில் இருந்தால் கேபிளை எத்தனை தடவை மாற்றினாலும் 1000 வராது.

அப்புறம் சிசிஏ கேபிள். அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு. பெட்டியில் கேட் 6 என்று அச்சடித்திருப்பார்கள், ஆனால் கேட்டகரி தரத்துக்குச் செம்புக் கம்பிதான் வேண்டும். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அதுதான். ரோலைத் தூக்கும்போதே எடை குறைவாகத் தெரியும். கிரிம்ப் செய்த இடத்தில் நாலு தடவை வளைத்தால் உள்ளே ஒடியும், பிஓஇ ஓட்டினால் தூரத்தில் வோல்டேஜ் விழும். இந்தக் கேபிள் சுவருக்குள் இருந்தால் கனெக்டர் மாற்றிக்கொண்டே காலத்தை ஓட்டலாம், தீராது.

பூட்டினால் என்ன ஆகும்

முன்னால் சொன்ன புதுக் கோளாறு இதுதான். சுவிட்சில் 100 ஃபுல் என்று பூட்டினால் அது பேச்சுவார்த்தையையே நிறுத்திவிடும். எதிரே ஆட்டோவில் இருக்கும் கம்ப்யூட்டர் சிக்னலைப் பார்த்து வேகம் 100 என்று ஊகித்துக்கொள்ளும், ஆனால் டூப்ளெக்ஸை ஊகிக்க வழியில்லை, விதிப்படி ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் ஃபுல், ஒரு பக்கம் ஹாஃப். பிங் நன்றாகப் போகும், வெப்சைட் திறக்கும், பெரிய ஃபைல் காப்பி செய்தால் நத்தை. ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன் (தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் மோதல்) ஏறும், ஃபுல் பக்கத்தில் சிஆர்சி ஏறும். இந்த இரண்டு கவுன்ட்டரும் எதிரெதிர் முனைகளில் ஏறுவதைக் கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

ஜிகாபிட்டிலோ ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். யார் கடிகாரம் கொடுப்பது, யார் அதைப் பின்பற்றுவது என்று இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்தால்தான் லிங்க் வரும். சுவரை உடைக்க அடுத்த மாதம்தான் முடியும், அதுவரை ஆடாமல் இருந்தால் போதும் என்றால் பூட்டாமல் ஒரு வழி இருக்கிறது: ஆட்டோவை அப்படியே விட்டு, முன்வைக்கும் வேகங்களில் 1000-ஐ மட்டும் எடுத்துவிடுங்கள். டூப்ளெக்ஸ் பேசித்தான் முடிவாகும், சண்டை வராது. போர்ட் டிஸ்கிரிப்ஷனில் காரணத்தையும் எழுதி வையுங்கள், இல்லையென்றால் அடுத்து வருகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

எல்லா போர்ட்டும் சேர்ந்து விழுந்தால்

அது கேபிள் இல்லை. சின்ன சுவிட்ச் என்றால் முதலில் அடாப்டரை மாற்றுங்கள், உள்ளே கப்பாசிட்டர் வீங்கி, லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்கும். ஃபேன் இல்லாத சுவிட்சை ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைத்திருந்தால் கையை வைத்துப் பாருங்கள். மதியம் மட்டும் வருகிற கோளாறுக்குப் பல நேரம் வெக்கைதான் காரணம். லிஃப்ட் மோட்டார் ஓடும்போது, கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது என்று நேரம் பொருந்தினால் கேபிள் கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் போகிறதா என்று தேடுங்கள்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும், அதுவும் வேலை இல்லாமல் சும்மா இருக்கும்போது லிங்க் விழுந்தால் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை, அதாவது 802.3ஏஇசட்டை, இரண்டு பக்கமும் அணைத்துவிட்டுச் சில நாள் பாருங்கள். எல்லா சுவிட்சுக்கும் எல்லா நெட்வொர்க் கார்டுக்கும் நடுவில் அது ஒத்துவராது. டிரைவர் அப்டேட்டையும் அதோடு சேர்த்துச் செய்யாதீர்கள், தனியாகச் செய்யுங்கள்.

"மூன்று வினாடி விழுந்ததற்கு அரை நிமிஷம் நெட் போகிறதே" என்பவர்களுக்கு: பழைய ஸ்பானிங் ட்ரீ (சுவிட்சுகளுக்கு நடுவில் டேட்டா வட்டமடிக்காமல் தடுக்கும் ஏற்பாடு) ஓடும் சுவிட்சில் லிங்க் எழுந்த பிறகு போர்ட் 15 வினாடி கேட்டு, 15 வினாடி கற்று, அப்புறம்தான் டேட்டாவை விடும். கம்ப்யூட்டர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் அந்த 30 வினாடி மிச்சம். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் உள்ள போர்ட்டில் மட்டும் போடாதீர்கள். அந்த அப்லிங்க்கே 100-க்கு இறங்கினால் ஸ்பானிங் ட்ரீ கணக்கில் அதன் செலவு 4-இல் இருந்து 19 ஆகும், டிராஃபிக் நீங்கள் நினைக்காத பாதையில் திரும்பும். ஒரு மாடியில் ஆடும் லிங்க் இன்னொரு மாடியில் புகாராக வருவது அப்படித்தான்.

2.5ஜி, அதாவது 2.5 ஜிகாபிட் சுவிட்ச் வாங்கியவர்களுக்கும் இதே வழிதான், கேபிளை மட்டும் அது இன்னும் கண்டிப்பாகப் பார்க்கும். 802.3பிஇசட் தரப்படி 2.5ஜி நல்ல கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் போகும். 2.5-இல் ஏறி 1-க்கு இறங்கி ஆடினால் மேலே சொன்ன கனெக்டர் வேலையில் இருந்தே தொடங்குங்கள். 10ஜிக்கு கேட் 6 என்றால் 55 மீட்டர் வரைதான், அதற்கு மேல் 6ஏ.

சரிசெய்த பிறகு கவுன்ட்டரை மறுபடி அழியுங்கள், ஐபெர்ஃப்3-ஐ இரண்டு திசையிலும் ஓட்டுங்கள், ஏனென்றால் ஒரு திசையில் 940, மறு திசையில் 300 என்று வருகிற கேபிள்களும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முனைகளிலும் கனெக்டருக்குப் பக்கத்தில் கேபிளை மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் அசையாமல், சிஆர்சி பூஜ்யமாக இருந்தால் ரேக்கை மூடலாம். வளைக்கும்போது 940 சட்டென்று விழுந்தால் அந்த முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.